கழுத்துக்குக் கீழே

அக்கா செத்துப் பதினோராம் நாள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்து ஒரு படம் கேட்டார்.

"முகம் தெரியிற மாதிரி ஒண்டு. இப்ப எடுத்தது. பள்ளிக்கூடப் படம் என்னட்டை இருக்கு, அது வேண்டாம்."

"அனுப்புறன் அம்மா."

"முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல் வந்தாக் காணும். நான் ஒருக்காப் பாக்கவேணும்."

ஓம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் அக்காவின் படங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் நானே எடுத்தவை. ஒன்றிலும் முகம் இல்லை.

அம்மா அக்காவைக் கடைசியாகப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டையால் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிய பிறகு அங்கிருந்து கொழும்புக்கு வருவதென்றால் கப்பலோ விமானமோ தான். அதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அனுமதி வருவதற்கு முதலே நாங்கள் அக்காவைக் கனத்தைச் சுடலையில் எரித்துவிட்டோம். அம்மா செத்த முகத்தையும் பார்க்கவில்லை. போனில் என் அழுகையைக் கேட்டாரே, அதுதான் அவருக்குச் செத்தவீடு.

ஏன் ஒரு படத்திலும் முகம் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள்.

நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னால் இருந்த ஒற்றை அறை. அதில் ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி. அக்கா சாரிச் சட்டை தைப்பாள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எந்தப் பள்ளிக்கூடம் என்பதே மறந்துபோய்ப் படிப்பும் நின்றுவிட்டது. எனக்கு ஹூக் தைக்கவும் கை ஓரம் மடித்துத் தைக்கவும் தெரியும். மற்றதெல்லாம் அக்கா.

அவள் தையல் நல்லது. ஆனால் அது யாருக்கும் தெரியாது. காலி வீதிச் சாரிக் கடைகளில் வேலை மிஞ்சினால் மட்டும் எங்களிடம் துணி வரும். வாசலில் ஒரு போர்ட் மாட்டட்டுமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டோம்.

"போர்ட் கண்டா ஆக்கள் வருவினம்," என்றார் அவர். "ஆக்கள் வந்தா ஆர் வந்தது எண்டு கேட்டுப் பொலிஸ் வரும். தைக்கிறதெண்டா கதவைச் சாத்திப்போட்டுத் தையுங்கோ பிள்ளையள்."

ஒழுங்கை முனையில் ஒரு நெட் கஃபே இருந்தது. அதை நடத்தியவர் மாளிகாவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு முஸ்லிம். முப்பது வயசு இருக்கும். அண்ணன் என்ற முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் இன்டர்நெட்டில் சின்ன வியாபாரம் செய்வது எப்படி என்று வெளிநாட்டுக்காரர் எழுதுவதையெல்லாம் வாசித்து, வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய வியாபாரமே ஆறு கொம்பியூட்டர், அதில் இரண்டு வேலை செய்யாது.

"போர்ட் வெக்க ஏலாட்டி என்ன தங்கச்சி," என்றார். "புளொக் ஒண்டு தொறங்க. அதுக்கு வாடகையும் இல்ல, வீட்டுக்காரியும் இல்ல. கடையில ஆள் வந்தா நீங்க பாக்கணும். புளொக்ல நீங்க தூங்குற நேரமும் ஆள் வரும்."

"ஆர் வருவினம் நானா?" என்றாள் அக்கா.

"லண்டன், கனடா, சுவிஸ். கலியாணம் கட்டக் கொழும்புக்கு வாற ஆக்கள் எங்க தைக்கிறண்டு முன்னுக்கே தேடுவாங்க. தேடுறப்ப நீங்க ஆப்புடணும். அவ்வளவுதான்."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து மேலே பூப்போட்ட ஒரு பக்கத்தைத் தெரிவு செய்தேன். தமிழில் தட்டினேன். அடுத்த நாள் லண்டனிலிருந்து ஒருவர், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். நானா சிரித்து, வேறு எழுத்துக்கு மாற்றக் காட்டித் தந்தார். தமிழில் மட்டும் எழுதினால் தேடுகிறவர்களுக்கு அகப்படாது என்பதால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் சாரி பிளவுஸ், வெள்ளவத்தை, கொழும்பு என்று இங்கிலிஷ் எழுத்திலும் போட்டேன். பக்கத்தின் ஓரத்தில் யார் எந்த நாட்டிலிருந்து பார்த்தார்கள் என்று கொடி காட்டுகிற பெட்டி ஒன்றை ஒட்டினேன். அதை அக்காவிடம் சொன்னால் பின்னேரம் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"இண்டைக்கு என்ன கொடி?"

"நோர்வே ஒண்டு."

"நோர்வேயிலை சட்டை போடுவினமே? குளிருக்குக் கம்பளியெல்லோ போடுவினம்."

வெளிநாட்டுக்காரர் உடம்பு அளவை இலக்கத்தில் எழுதி அனுப்பினால் பிழைக்கும். அதனால் தங்களுக்குச் சரியாக இருக்கிற ஒரு பழைய சட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி எழுதினேன். அளவுச் சட்டைகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வாசம். அக்கா அவற்றைத் தோய்க்க விடமாட்டாள். தோய்த்தால் அளவு சுருங்கும் என்பாள்.

நானா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "மொகம் போடுங்க தங்கச்சி. தைக்கிறது யாருண்டு கண்டாத்தான் ஆக்கள் நம்புவாங்க. எல்லா எடத்துலயும் அப்புடித்தான் எழுதி ஈக்கி."

அக்கா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

"என்ர முகத்தை உலகம் முழுக்கக் காட்டுறியோ? நாளைக்கு ஆரும் வந்து இந்தப் பிள்ளை எங்கை இருக்கு எண்டு கேட்டா?"

"ஆர் கேக்கப்போறாங்கள்?"

"கேக்கிறவங்கள் சொல்லிப்போட்டோ வாறவங்கள்?" பிறகு கொஞ்சம் நேரம் கழித்து, வேறு குரலில், "கலியாணம் பேசுற பிள்ளையின்ர படம் நெட்டிலை கிடந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன சொல்லுவினம்?"

"சட்டை நல்லாயிருக்கு எண்டு சொல்லுவினம்."

அளவு நாடாவால் எனக்கு ஒரு அடி விழுந்தது.

ஆகவே கழுத்துக்குக் கீழே. அதுதான் எங்கள் சட்டம். லண்டனிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் போகும்போது தன் பழைய கமராவை எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா தன் அளவுக்கு மாதிரிச் சட்டைகள் தைத்து, தானே போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பாள். நான் எடுப்பேன். எடுக்கும்போது முழு ஆளும் விழும். சிரிப்பாள், கண்ணை மூடுவாள், "கெதியா எடடி, கை உளையுது" என்பாள். எல்லாம் படத்தில் இருக்கும். பிறகு நான் நெட் கஃபேக்குப் போய், படத்தைத் திறந்து, கழுத்தடியிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு பெட்டி கீறி, மற்றதை வெட்டிவிட்டு, சேமிக்கிற இடத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். அப்படித் தட்டினால் முழுப்படம் போய்விடும், வெட்டிய துண்டு மட்டும் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். வேறு பெயரில் சேமித்தால் இரண்டும் இருக்கும் என்றும் நானா காட்டியிருந்தார். நான் அப்படிச் செய்யவில்லை. முகம் உள்ளது கையில் இல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தேன். கமராவின் கார்டும் சின்னது. வீட்டுக்கு வருவதற்கு முதல் அதையும் அழித்துவிடுவேன்.

அது சரியென்று எங்களுக்கு ஒரு நாள் நிச்சயமாகவே தெரிந்தது. ஒரு விடியற்காலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அறைக்குள் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். அடையாள அட்டை, வெளியூர்த் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் பார்த்த பிறகு ஒருவர் மேசையிலிருந்த கமராவை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். முதல் நாள் நான் வெட்டிய படங்களைக் கார்டில் திரும்பப் போட்டு அக்காவுக்குக் காட்டியிருந்தேன். அதெல்லாம் தலையில்லாத பெண்கள். அவர் முகம் சுளித்து, "ஒலுவ கோ நங்கி?" என்று கேட்டார். தலை எங்கே தங்கச்சி என்று.

அக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "ஒலுவ ஓன நே மாத்தயா, ஹெட்டே விதரய்," என்றாள். தலை தேவையில்லை ஐயா, சட்டை மட்டும்தான்.

மற்றவர் சிரித்துவிட்டார். கமராவை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ஒழுங்கை தாண்டும் வரைக்கும் நாங்கள் மூச்சு விடவில்லை. பிறகு அக்கா கட்டிலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க நான் எதைக் கேட்டாலும், தண்ணீர் எங்கே, நூல் எங்கே என்றாலும், "ஓன நே மாத்தயா" என்றாள்.

இதை எழுதும்போது எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. பிறகு வராது.

அடுத்தது நான் சொல்ல விரும்பாதது. வேறு தையல்காரரின் பக்கங்களைப் பார்த்தேன். எல்லோரும் ஏதோ ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். நானும் எங்கள் பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி போட்டேன்: பத்து நாளில் தைத்துத் தரப்படும். அக்காவிடம் கேட்கவில்லை.

"உன்ர வாய்க்குப் பூட்டுப் போடவேணும்," என்றாள் அக்கா. "பத்து நாள் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"எல்லாரும் அப்பிடித்தான் போடினம்."

"எல்லாருக்கும் ரெண்டு மெஷின் இருக்கும்."

ஆனாலும் அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை. அந்த வரிக்குப் பிறகுதான் ஓடர்கள் உண்மையாகக் கூடின. ஒரு கிழமையில் மூன்று, நான்கு என்று. அக்காவுக்கு அது பிடித்திருந்தது. தன் கையால் தைத்தது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டுவைத்துக்கொள்வாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த நாள், ஒரு கலியாணத்துக்கு ஐந்து சட்டைகள் முடிக்க வேண்டியிருந்தது. பத்து நாளில் அது ஆறாவது நாளோ ஏழாவது நாளோ. பனடோல் போட்டுக்கொண்டு தைத்தாள். நான் படு என்றேன். "நீதானே பத்து நாள் எண்டு எழுதினனீ," என்றாள். கோபமாக இல்லை, பகிடியாகத்தான் சொன்னாள். மூன்று நாள் அப்படிப் போனது. நான்காம் நாள் காலையில் சட்டையின் கைப்பக்கத்தில் இரத்தத் துளி விழுந்தது. ஊசி குத்தியது என்று நினைத்தேன். மூக்கிலிருந்து வந்தது.

த்ரீவீலரில் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டெங்கு என்றார்கள். பிந்தி வந்திருக்கிறீர்கள் என்று ஒரு டொக்டர் அமைதியாகச் சொன்னார். செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். இரண்டு நாள். அக்காவுக்கு வயசு இருபத்தாறு.

மூன்று நாள் முதலே கொண்டுபோயிருந்தால் என்று நான் அழ, எல்லோரும் என்னைத் தேற்றுவதற்காக, "அது விதி, நீ என்ன செய்வாய்" என்றார்கள். அந்தச் சிவப்பு வரியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

அம்மா படம் கேட்ட அன்றே நெட் கஃபேக்குப் போனேன். பென்டிரைவ், கமரா, புளொக், நான் அனுப்பிய ஈமெயில் எல்லாவற்றையும் நானா திறந்து பார்த்தார். கழுத்து, தோள், முதுகு, கை. எத்தனை விதமான கை. ஒரு படத்தில் நான் பெட்டியைச் சரியாகக் கீறவில்லை. அதில் அக்காவின் தாடை நுனி மட்டும் இருந்தது. நானா அதைப் பெருப்பித்தார். பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கட்டம் கட்டமாக உடைந்துபோனது.

"அழிஞ்சத எடுக்க ஏலாதா நானா?"

"அதுக்கு மேல வேற எழுதியாச்சு தங்கச்சி. ஒவ்வொரு தரமும் எழுதியாச்சு."

அக்காவின் அடையாள அட்டைப் படம் இருந்தது. பதினாறு வயசில் எடுத்தது, ஈரம் பட்டு முகத்தின் ஒரு பக்கம் வெளிறியிருந்தது. அது அம்மாவிடம் இருக்கிற பள்ளிக்கூடப் படத்தைவிட மோசம்.

முகம் போடுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்ன நானா, அதை அன்று சொல்லவில்லை. "உங்கட்ட தைக்க வந்த ஆக்கள் எல்லாம் கமராவோட வாறவங்கதானே," என்றார். "கேட்டுப் பாருங்க. ஆராச்சும் எடுத்தீப்பாங்க."

நான் புளொக்கில் ஒரு பதிவு எழுதினேன். அதற்கு முதல் நான் எழுதியதெல்லாம் இரண்டு வரி: புதிய கழுத்து மாதிரி வந்திருக்கிறது, கைக்குச் சரிகை வைத்துத் தைக்கலாம், இப்படி. அன்றுதான் முதல் தடவையாக நீளமாக எழுதினேன். தைத்தது என் அக்கா. அவள் இப்போது இல்லை. உங்களில் யாராவது எங்கள் அறைக்கு வந்தபோது அவளைப் படம் எடுத்திருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். எங்கள் அம்மா பார்க்க வேண்டும். மேலே இருந்த சிவப்பு வரியையும் அன்று எடுத்தேன். எடுக்க ஒரு தட்டுத்தான். போடவும் ஒரு தட்டுத்தான்.

கொமென்ட்கள் வந்தன. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று நிறைய. ஒரு பெண் தன் அளவுச் சட்டை எங்களிடம் இருக்கிறதே, அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டிருந்தார். கேட்டதில் பிழையில்லை. பெயர் போடாத ஒருவர், இது உண்மையா அல்லது ஆட்களைப் பிடிக்கிற விளம்பரமா, இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு ஆளை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லையே என்று எழுதியிருந்தார். நான் அதை அழிக்கவில்லை. அவர் கண்டதில்லைதான். நான்தானே காட்டவில்லை.

ஆறு நாள் ஒருவரும் படம் அனுப்பவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார். படத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, வைக்காமல் நிற்பார்.

ஏழாம் நாள் லண்டனிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். போன வருஷம் கொழும்பில் கலியாணம் செய்துவிட்டுப் போனவர். அவருடைய கூறைச் சேலைக்குச் சட்டை அக்கா தைத்தது. கலியாணத்தன்று காலையில் மண்டபத்தில் அதன் ஹூக் ஒன்று பறந்துவிட, அக்காவைக் கூப்பிட்டார்கள். என் பதிவுத் துண்டு முடிந்திருந்ததால் நான் வீட்டிலேயே நின்றேன். அக்கா மட்டும் போய்த் தைத்துவிட்டு வந்தாள்.

"தங்கச்சி, அவ பின்னாலை நிண்டு தைக்கேக்கை போட்டோக்காரர் எடுத்தவர். எனக்கு நல்ல ஞாபகம். அல்பத்திலை அது இல்லை. அவரிட்டை இருக்கும்."

ஓம் ஓம் என்று மட்டும் சொன்னேன். அப்போது அவருடைய அம்மா போனை வாங்கிவிட்டார்.

"பிள்ளை, குறை நினைக்காதை. உங்கட அக்கா தங்கமான பிள்ளை. ஆனா என்ர பிள்ளையின்ர கலியாணப் படத்தைச் செத்தவீட்டிலை வைக்கிறதோ? கூறை உடுத்து நிக்கிற படம். மாலை போடுவியள், விளக்கு வைப்பியள். அவளுக்கு இப்ப வயித்திலை நாலு மாசம்."

"விளங்குது அன்ரி."

"நானும் ஒரு தாய்தானே பிள்ளை." அவர் அழுதார். அழுகிறவரோடு என்ன வாதாடுவது? யாழ்ப்பாணத்தில் என் அம்மாவும் தாய்தான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அந்தப் பெண் போனைத் திரும்ப வாங்கி, மெல்லிய குரலில், "என்னை வெட்டிப்போட்டு எடுங்கோ தங்கச்சி. நான் போட்டோக்காரருக்குச் சொல்லிவிடுறன்," என்றார்.

வெட்டுவதா, அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

அடுத்த நாள் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியில் இரண்டு செக்பொயின்டில் இறக்கிப் பார்த்து ஏற்றினார்கள். ஸ்டூடியோ ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது. போட்டோக்காரர் வயசானவர், சேர்ச்சில் ஒரு ஞானஸ்நானத்தைப் படம் எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"வாங்க மகள். லண்டன்ல இருந்து சொன்னாங்க. இருங்க, சீடி தேடணும்." தேடிக்கொண்டே, "வேலை செய்றவங்க விழுந்த படம் ஆல்பத்துக்குப் போகாது. ஆனா நான் ஒண்டையும் அழிக்கிறதில்ல. அழிச்சுட்டா பொறகு யாராவது வந்து கேப்பாங்க," என்றார்.

படம் திறந்தது.

மணப்பெண் முன்னால் பாதி திரும்பி நிற்கிறார். அவருடைய தோளுக்கும் காதுக்கும் நடுவில் அக்கா. ஒரு கை மணப்பெண்ணின் தோளைப் பிடித்திருக்கிறது. வாயில் மூன்று குண்டூசி. கமராவைக் கண்டுவிட்டாள். வாயைத் திறக்க முடியாமல் கண்ணால் சிரிக்கிறாள். இவர் ஏன் என்னை எடுக்கிறார் என்கிற சிரிப்பு. மணப்பெண்ணின் தலையிலிருந்து தொங்குகிற மல்லிகைச்சரம் அவள் தாடையின் மேல் கிடக்கிறது.

நான் அந்தத் திரையைத் தொட்டேன்.

பிறகு அவர் மவுஸைப் பிடித்து அக்காவின் முகத்தைச் சுற்றி ஒரு பெட்டி கீறினார். எனக்குப் பழக்கமான அதே பெட்டி. மணப்பெண்ணை விலக்கினால் அக்காவின் தாடை போகும். தாடையை வைத்தால் மணப்பெண்ணின் காதும் தோடும் வரும். பெட்டியைச் சின்னதாக்கினார். அக்காவின் கை போனது.

"இப்படி வெட்டவா மகள்? கண்ணும் மூக்கும் வடிவா வருது."

"வேண்டாம் அங்கிள்," என்றேன். "விடுங்கோ. வெட்டாதேங்கோ."

அவர் கையை எடுத்தார். நான் அங்கிருந்தே லண்டனுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தேன். அந்தப் பெண் உடனே திரும்ப எடுத்தார். உங்களை வெட்டினால் அக்காவும் வெட்டுப்படுகிறாள் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"முழுசா அனுப்புங்கோ," என்றார். "என்ர அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. நான் பிள்ளை பிறந்தாப் பிறகு சொல்லுறன்."

போட்டோக்காரர் யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு ஈமெயிலில் அனுப்பினார். நான் அம்மாவுக்குப் போன் எடுத்து, படத்தில் இன்னொரு பிள்ளையும் நிற்கிறது, அது கலியாணப்பிள்ளை, நாலு மாசம், அவருடைய அம்மாவுக்கு விருப்பமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, "ஓம், ஓம்," என்று கேட்டார். அடுத்த நாள் காலையில் பஸ் எடுத்துப் போனார். மத்தியானம் அவரே போன் எடுத்தார்.

"கண்டனான்," என்றார்.

அதற்குப் பிறகு சத்தமில்லை. கோடு அறுந்துவிட்டதோ என்று நினைத்து, அம்மா, அம்மா என்றேன்.

"வாயிலை ஊசி வைக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான் இவளுக்கு," என்றார் அம்மா. "விழுங்கிப்போடுவாய் எண்டு. கேட்டவளே?"

அப்போதுதான் அம்மா அழுதார். அக்கா செத்த அன்றுகூட அவர் அப்படி அழுததை நான் கேட்கவில்லை. நானும் இந்தப் பக்கம் அழுதேன். அம்மாவின் போன் கார்ட் முடிந்து கோடு அறுந்தது. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்ப எடுத்தார்.

"ஸ்டூடியோப் பெடியன் கேட்டவன், மற்றப் பிள்ளையை எடுத்துவிடட்டோ எண்டு. வேண்டாம் எண்டனான்."

"ஏன் அம்மா?"

"அந்தப் பிள்ளையின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறாள். அதை எடுத்தா இவள் எதைப் பிடிக்கிறது?"

முப்பத்தோராம் நாளன்று அம்மா அந்தப் படத்துக்கு மாலை போடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையும் நிற்கிறது, அதற்குக் கூடாது என்று சொல்லிவிட்டார். பூவைத் தட்டில் வைத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். விளக்கையும் தள்ளித்தான் வைத்தார். பொட்டும் வைக்கவில்லை. வந்த சனம் இது என்ன முறை என்று கேட்டதாம். என்ர வீட்டு முறை என்றாராம். அந்தப் படம் இப்போதும் மாலையில்லாமல்தான் அங்கே இருக்கிறது. தெரியாத ஆட்கள் பார்த்தால் உயிரோடு இருக்கிற இரண்டு பிள்ளைகள் என்றுதான் நினைப்பார்கள்.

அன்று பின்னேரம், கிரியையும் சாப்பாடும் முடிந்து எல்லோரும் போன பிறகு, அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"பொய் சொல்லாதை." பிறகு, "உன்ர படம் ஒண்டும் அனுப்பு பிள்ளை," என்றார். "இப்பவே எடுத்து அனுப்பு. முகத்தோடை."

என்னிடம் என் படமும் ஒன்றில்லை. எடுத்தவள் நான்தானே. கமராவைக் கொண்டு நெட் கஃபேக்குப் போனேன். நானா என்னைக் கதவடியில், வெளிச்சம் விழுகிற இடத்தில் நிற்கச் சொன்னார்.

"சிரிங்க தங்கச்சி."

"ஏலாது நானா."

"சரி. சிரிக்கத் தேவல்ல. நேரா பாருங்க."

எடுத்தார். கொம்பியூட்டரில் திறந்து பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. பின்னால் வேலை செய்யாத கொம்பியூட்டர் ஒன்றும், நானாவின் தேத்தண்ணிக் கோப்பையும் விழுந்திருந்தன. நானா மவுஸைப் பிடித்து, கோப்பையை வெட்டிவிடட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி வேண்டாம் என்றேன். அப்படியே அனுப்பினோம்.